முப்பத்து நாலு சோளம்

– முப்பத்து நாலா? அண்ணா, எல்லாத்தையுமா தள்ளிட்ட?

– எல்லாந்தான். எண்ணிக்க. நீ ஆறு சோளம் வச்ச, நான் முப்பத்து நாலா ஏத்திட்டேன். இப்ப உன் மொற, அமலு. எனக்குச் சமமா வைக்கிறியா, இல்ல சீட்டக் கவுக்குறியா?

– இதுல தோத்தீன்னா உன்கிட்ட ஒரு சோளம் கூட மிச்சம் இருக்காது.

– இருக்காது.

– யாருக்கு மொதல்ல தீருதோ அவங்கதான் அப்பாவுக்குக் கிட்னி குடுக்கணும்.

– நீ எனக்குச் சொல்லித் தர்றியா? மூணு பேரும் இதே வண்டியில ஒக்காந்து, காசுக்குப் பதிலா ஆளுக்கு அம்பது சோளம் எண்ணி எடுத்துக்கினுதான பேசினோம். கேட்டுக்க, பேசினது பேசினதுதான். நான்சி, நீ இன்னா சொல்ற?

– நான் இன்னா சொல்றது? இந்தக் கையில நான்தான் மொதல்லயே கவுத்துட்டேனே. வெளிய போனவங்க வாயத் தொறக்கக்கூடாது, பிரிட்டோண்ணா.

– ஆமா, டீச்சரம்மா வாயே தொறக்காம அறுபத்தொம்போது சேத்து வச்சிருக்குது.

– நல்ல சீட்டு வந்தா வச்சேன். வரலன்னா வைக்கல. இதுல இன்னா இருக்குது?

– கொஞ்சம் டைம் குடுண்ணா. யோசிச்சுச் சொல்றேன்.

– எவ்ளோ நேரம்டா யோசிப்ப? மணி பதினொண்ற. ஒரு மணிக்கு அப்பாவ டயாலிசிஸ் மெஷின்ல இருந்து எறக்கிடுவாங்க. அதுக்குள்ள சேலத்து ஆஸ்பத்திரி மேடம் போன் பண்ணுவாங்க. டெஸ்ட்ல மூணு பேரு ரத்தமும் ஒத்துப்போவுது, யாரு தரப்போறீங்கன்னு ஒரே ஒரு பேரச் சொல்லுங்கன்னு எத்தினி தடவ கேட்டுட்டாங்க?

– இந்தக் கண்ணாடிய எறக்கேன். வேக்காடா இருக்குது.

– எறக்கித்தான் இருக்குது. உனக்குத்தான் வேர்க்குது. இரு, அம்மா கூப்புடுது. ஆங், சொல்லும்மா. இன்னாச்சு? ரெண்டு காலுமா? நர்சம்மாகிட்ட சொன்னியா? அழாத. அழாதன்றேன் இல்ல. வரேன், இதோ மேல வரேன்.

– இன்னாண்ணா? அப்பாவுக்கு இன்னா?

– பிரஷர் எறங்கிடுச்சாம். காலு ரெண்டும் இழுத்துக்கிச்சு, கத்துறாராம். நான் போயி தேச்சி வுட்டுட்டு வரேன்.

– நானும் வரேண்ணா.

– ஒருத்தரத்தான் உள்ள வுடுவாங்க, நான்சி. போன வாரமும் நான்தான தேச்சேன், எனக்குத் தெரியும் எந்த எடத்துல அழுத்தணும்னு. நீங்க ரெண்டு பேரும் இருங்க. கேட்டுக்க, என் சீட்டு ரெண்டும் டேஷ்போர்டு மேல கவுந்து கெடக்குது. யாரும் தொடக்கூடாது.

– நாங்க இன்னா திருடங்களா? நீ மொதல்ல போ.

– அக்கா. போயிட்டாரா?

– கேட்டத் தாண்டிட்டாரு. ஓடுறாரு பாரு. செருப்ப இங்கயே வுட்டுட்டாரு.

– அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?

– வாரத்துக்கு ரெண்டு தடவ இழுக்குதுடா. நீ மெட்ராஸ்ல இருக்க, உனக்குப் புதுசு. எங்களுக்கு எட்டு மாசமா இதான். முன்ன அர மணி நேரத்துல சரியாவும், இப்பல்லாம் ஜாஸ்தி நேரம் எடுக்குது.

– என் சீட்டப் பாக்குறியா?

– காட்டாத.

– நீதான் இந்தக் கையில இல்லியே. பாருக்கா. எனக்குத் தல சுத்துது, யாருகிட்டனா கேக்கணும்.

– ஏசுவே. ரெண்டு ராணி!

– மெதுவாச் சொல்லு.

– யாரு கேக்கப்போறாங்க? ரெண்டு ராணிய வச்சிக்கினா இப்படி வேர்த்து ஊத்துற? ஊரடங்குல இந்த போக்கர எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே நீதான். ஏழு பேரு ஒக்காந்து ஆடுனா ஜோடி ராணிக்கே பயப்படணும், எவன்கிட்டனா ஜோடி ராஜாவோ ஜோடி ஆஸோ இருக்கும்னு சொன்ன. மூணு பேரு ஆடுனா கண்ண மூடிக்கினு வைக்கலாம்னு சொன்ன. இப்ப நாம மூணு பேருதான்.

– அது யாரோ மூணு பேரா இருந்தாத்தான், அக்கா. மூணே பேரா ஆடுனா நல்ல சீட்டுக்குக் காத்துக்கினு இருக்க முடியாது. ஒவ்வொரு கைக்கும் நடுவுல ஒரு சோளம் போடணும், அதுலயே கரைஞ்சு போயிடுவோம். அதனால சுமாரான சீட்டுக்கே ஏத்துவாங்க. எவனாவது ஏத்துனா, பயப்படாம வைன்னு சொன்னேன். ஆனா ஏத்துனது அண்ணன்.

– அண்ணன்னா?

– ஆறு வருசமா ஆடுறோம். அண்ணன் சும்மா ஏத்தி ஒரு தடவயாவது பாத்திருக்கியா? பொய் சொல்லி ஒரு கை? சின்னதா வச்சா ஒரு ஜோடி இருக்கும். பெருசா வச்சா ஆஸ் இருக்கும். அவரு மூஞ்சியப் பாக்கவே வேணாம், சோளத்தப் பாத்தாப் போதும்.

– அதுவும் நெசந்தான்.

– இன்னைக்குக் காலையில இருந்து மூணு, நாலுக்கு மேல வைக்கல. இப்ப திடீர்னு முப்பத்து நாலு. ஜோடி ஆஸ்தான், அக்கா. ஆஸ் இல்லன்னா ராஜா. அத வச்சு என்ன முடிச்சுடப் பாக்குறாரு.

– முடிச்சுடன்னா?

– கணக்குப் போட்டுப் பாரு. நான் இன்னும் இருவத்தெட்டு வைக்கணும். வச்சுத் தோத்தா என்கிட்ட பத்து மிச்சம் இருக்கும். அவரு பக்கத்துல மலையாட்டம் குமிஞ்சிடும். பத்த வச்சிக்கினு எத்தினி கை தாங்குவேன்? அண்ணன் தப்பிக்கப் பாக்குறாருக்கா.

– பாத்தா தப்பா?

– இன்னாக்கா இப்படிக் கேக்குற?

– நான் பாக்கல? நீ பாக்கல? டாக்டர் ரூம்ல மூணு பேரும் ஒரே நேரத்துல நான் தரேன், நான் தரேன்னு கத்துனோம். வெளிய வந்து வராண்டாவுல நிக்கும்போது மூணு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பாத்துக்கினு நின்னோம். ஞாபகம் இருக்குதா?

– இருக்குது.

– சீட்டு ஆடலாம்னு நீ சொன்னப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஏன்னா நான் நல்லா ஆடுவேன். சத்தியமாச் சொல்றேன், காலையில இருந்து ஜெயிக்கணும்னுதான் ஆடுறேன்.

– நீயா?

– ஏன், நான்னா? அன்புவக் கட்டிக்கினேன்னு மூணு வருசம் வாசப்படி ஏத்தாத அப்பாடா அவரு. திருக்கோவிலூர்ல குடியிருக்கேன், அர நாள்ல வந்துட்டுப் போலாம். இலக்கியா பொறந்தப்பக்கூட ஆஸ்பத்திரிக்கு வரல. இப்ப என்னப் பாத்தா கண்ணுல தண்ணி வுடுறாரு. எனக்கும் அழுகை வருது. ஆனா ஒடம்புல இருந்து ஒண்ண அறுத்துக் குடுன்னா, அந்த மூணு வருசமும் வந்து நடுவுல நிக்குது. நான் கெட்டவளாடா?

– இல்லக்கா.

– அன்பு ஒண்ணுமே சொல்லல. குடுன்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல. நாலு நாளா சரியாச் சாப்புடல, அவ்ளோதான்.

– என் வூட்ல மெர்லின் சொன்னா. நேத்து மெட்ராஸ்ல கெளம்பும்போது சட்டையப் புடிச்சிக்கினா. ஏழாம் மாசம்க்கா. நான் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கும்போது வலி வந்தா யாரு ஓடுறதுன்னு கேட்டா. நானும் அவகிட்ட அதத்தான் காரணம்னு சொல்லிட்டு வந்தேன். ஆனா அது காரணம் இல்ல.

– வேற இன்னா?

– டாக்டர் பேனாவ எடுத்துத் தன்னோட விலாவுல, இங்க இருந்து இதோ இது வரைக்கும்னு ஒரு கோடு போட்டுக் காட்டினாரு இல்ல? அப்பவே எனக்குக் காது அடைச்சிடுச்சு. நாக்காலியப் புடிச்சிக்கினுதான் நின்னேன். எனக்குப் பயம்க்கா. வேற ஒண்ணும் இல்ல. வெறும் பயம்.

– தண்ணி குடி. இந்தா.

– அம்மாவுக்கு சுகரு இல்லன்னா அவங்களே குடுத்திருப்பாங்க. யாருக்கும் இந்தப் பேஜாரே இல்ல.

– அதப் பேசி இன்னா ஆவப்போவுது? ராணிக்கு வா. வைக்கிறியா, கவுக்குறியா?

– வச்சு ஜெயிச்சா?

– அண்ணனுக்குத் தீந்துடும்.

– அப்ப அண்ணன் குடுக்கணும். கல்வராயன்மல மேல ஏறி, மரவள்ளி மூட்ட தூக்கி, அத்தன வளைவும் எறங்கி, சேகோ பேக்டரியில லோடு எறக்குற மனுசன். ஆபரேஷன் பண்ணா எத்தினி மாசம் மூட்ட தூக்கக்கூடாதுன்னு சொன்னாங்க?

– மூணு மாசமாவது.

– ரெண்டு புள்ளைங்க. அவரு வண்டி எடுத்தாத்தான் அந்த வூட்ல அடுப்பு எரியும். நான் ஆபீஸ்ல லீவு போட்டா சம்பளம் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஜோடி ராணியப் பாத்ததும் மனசு எப்படித் துள்ளுச்சு தெரியுமா? அதான் என்னால தாங்க முடியல.

– அமல், கைய எடு.

– ஒரு ஓரத்த மட்டும் தூக்கிப் பாக்குறேன்.

– எடுன்றேன் இல்ல! அது அண்ணன் சீட்டு.

– பாத்துட்டா நிம்மதிக்கா. ஆஸ்னா கவுத்துடுவேன். இல்லன்னா வச்சிடுவேன். அவரு வர இன்னும் நேரம் இருக்குது.

– பாத்து, வச்சு, ஜெயிச்சுட்ட. அண்ணன உள்ள தள்ளிக்கினு போறாங்க. நீ வெளிய பெஞ்சுல ஒக்காந்திருக்க. அந்த அஞ்சு மணி நேரம் உனக்கு எப்படி இருக்கும்?

– சரி. சரி, தொடல.

– ஜன்னல் பக்கம் தள்ளி ஒக்காரு. கைய மடியில வை.

– கவுத்தா இன்னா போவுது? நடுவுல போட்ட ஒண்ணு, அப்பறம் வச்ச ஆறு. ஏழு சோளம். எனக்கு முப்பத்தெட்டு இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆவாது.

– இப்போதைக்கு ஆவாது. மணி பன்னெண்டு.

– இப்போதைக்குன்னா இப்போதைக்கு.

– அமல், நீ சீட்டப் பாத்துக் கவுக்குறியா, பயந்துக்கினு கவுக்குறியா?

– தெரியலக்கா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது.

– வராரு. சீட்டக் கவுத்து வை. மூஞ்சியத் தொட.

– பிரஷர் ஏறிடுச்சு. தூங்குறாரு.

– காலு?

– வுட்டுடுச்சு, நான்சி. அம்மாதான் இன்னும் நடுங்கிக்கினு இருக்குது. எனக்கே கையெல்லாம் மரத்துப் போச்சு, அப்படி அழுத்தினேன். கண்ணத் தொறந்து என்னப் பாத்துட்டு, வெள்ளிமலைக்கு லோடு ஏத்தப் போவலியான்னு கேக்குறாரு. போறேம்ப்பான்னேன். உடனே தூங்கிட்டாரு. இன்னாடா, முடிவு பண்ணியா?

– பண்ணிக்கினே இருக்கேன்.

– இன்னுமா? வைடா.

– இருண்ணா.

– நீதான எங்களுக்கெல்லாம் வாத்தியாரு. நாங்க ஏத்துனா பயப்படக்கூடாதுன்னு நீதான சொன்ன. தைரியமா வை.

– ஏன் இப்படி அவசரப்படுத்துற?

– யாரு அவசரப்படுத்துறது? நேரம் ஆவுதில்ல.

– இல்லண்ணா. நான் வைக்கணும்னு நீ ஆசப்படுற. உன் மூஞ்சியிலயே தெரியுது. எப்பவும் சீட்டப் போட்டுட்டு ரோட்டப் பாத்துக்கினு ஒக்காந்திருப்ப. இன்னைக்கு என் கையவே பாத்துக்கினு இருக்க.

– அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.

– என்னப் பாத்து, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. நான் இத வைக்கணும்னு நீ வேண்டிக்கினு இல்ல?

– ஆமாடா. வைக்கணும். வை. போதுமா?

– போதும். கவுத்துட்டேன்.

– இன்னாது?

– கவுத்துட்டேன். நடுவுல இருக்கறத எடுத்துக்க.

– டேய். டேய், இரு. சரியாப் பாத்தியா நீ? திருப்பி எடுத்துப் பாரு.

– பாத்துட்டேண்ணா. வேணாம். வுடு.

– அறிவிருக்குதா உனக்கு? படிச்சவன்தான நீ? ரெண்டு ராணியக் கையில வச்சிக்கினு எவனாவது கவுப்பானாடா!

– பிரிட்டோண்ணா.

– நீ சும்மா இரு, நான்சி. இவனப் பாரேன், இவன...

– அண்ணா, அவன் சீட்டு கவுந்துதான் கெடக்குது.

– கெடக்கட்டும்.

– நீ இல்லாதப்ப எனக்கு மட்டும்தான் காட்டினான். நான் உன்கிட்ட சொல்லல. அவன் கையில ராணி இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?

– ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன்.

– இந்தக் கைக்குச் சீட்டக் கலைச்சுப் போட்டது நீதான?

– ஆமா. மொற வந்துச்சு, போட்டேன்.

– அக்கா, இப்பத் தொடலாமில்ல?

– தொடாதடா. அமலு, என் சீட்ட வை. வைன்றேன் இல்ல!

– ஒரு ரெண்டு. ஒரு ஏழு. ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவப்பு. அண்ணா, இத வுட மட்டமான கை உலகத்துலயே கெடையாதுன்னு நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேன்.

– அதான் அதையே எடுத்தேன்.

– ஏன்?

– ஏன்னா இன்னா ஏன்? நான் தரேன்னு சொன்னா அப்பா மெஷின்லயே படுக்க மாட்டேன்றாரு. மூட்ட தூக்குறவன் ஒடம்பத் தொட மாட்டேன், சாவுறேன்றாரு. உங்க அண்ணி புள்ளைங்களக் கூட்டிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிடுவேன்னுது. நானா கைய நீட்டுனாத்தான் இவ்ளோ சண்ட. ஆட்டத்துல தோத்துட்டேன்னா யாரு இன்னா கேக்க முடியும்? மூணு பேரும் பேசினோம், நான் தோத்தேன், முடிஞ்சுது.

– பயமா இல்லியாண்ணா உனக்கு?

– இருக்குதுடா. கேட்டுக்க, எனக்கு நாலு நாளா சோறு எறங்கல. ஆனா நீ ஊசிக்கே ஓடி ஒளியறவன். நான்சி பாவம், அப்பாகிட்ட அது பட்டதே போதும். நானும் அப்ப அப்பா பக்கத்துல நின்னுக்கினு ஒரு வார்த்த பேசல. அதுக்கு மேல அதுகிட்ட இன்னா கேக்குறது?

– அண்ணா...

– அழாத, நான்சி. ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாரும் பாக்குறாங்க.

– உன்னத் தப்பிக்கப் பாக்குறவன்னு சொன்னேண்ணா. அக்காகிட்ட சொன்னேன். நீ மேல அப்பா காலத் தேச்சிக்கினு இருக்கும்போது.

– சொல்லிக்க. அதனால எனக்கு இன்னா கொறைஞ்சு போச்சு? இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. உன் ராணியத் திருப்பிப் போடு. சோளத்த நடுவுல தள்ளு. நீ வச்ச, நான் தோத்தேன். வூட்ல யாரு கேட்டாலும் மூணு பேரும் இதத்தான் சொல்லணும்.

– என் போன் அடிக்குது. அவங்கதான். சேலத்து மேடம்.

– எடு, நான்சி. பிரிட்டோன்னு சொல்லு. சவரியப்பனோட பெரிய பையன்னு சொல்லு.

– சொல்லாதக்கா. ஆட்டத்துல திருட்டுத்தனம் பண்ணா இன்னா ஆவும்?

– அதப் பத்தி நாம பேசவே இல்லியேடா.

– பேச வேணாம். எல்லா ஆட்டத்துலயும் இருக்கறதுதான். திருடுனவன் வெளிய. அண்ணன் ஆட்டத்துலயே இல்ல. மிச்சம் நீயும் நானும். உன்கிட்ட அறுபத்தொம்போது. என்கிட்ட முப்பத்தெட்டு. கம்மி எனக்குத்தான்.

– டேய், பைத்தியமாடா உனக்கு? போன அவன்கிட்ட குடுக்காத, நான்சி! மெர்லினுக்கு இன்னா பதில் சொல்லுவ?

– தோத்துட்டேன்னு சொல்லுவேன். யாரு இன்னா கேக்க முடியும்? குடுக்கா. ஹலோ, மேடம், வணக்கங்க. சவரியப்பனோட சின்னப் பையன் பேசறேன். ஆமாங்க, முடிவு பண்ணிட்டோம். பேரு எழுதிக்கோங்க. அமல்.